முதலில் காற்று, அப்புறம் மார்க்கர்

சாயம் நிரப்பிய சின்னப் பந்துகளை ஒருவர்மேல் ஒருவர் சுட்டு ஆடும் பெயின்ட்பால் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். எந்த மார்க்கர் (பந்தைச் சுடும் துப்பாக்கி) வாங்கலாம் என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள் என்று நினைத்தேன். வந்த கடிதங்களில் அதிகமானவை டேங்க், காற்று, கசிவு, சர்வீஸ் பற்றியவை. அது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம், ஏனென்றால் இந்த விளையாட்டில் பணமும் நாளும் வீணாவது அங்கேதான்.

கேள்வி: நண்பரிடம் பழைய டிப்மேன் 98 மார்க்கர் ஒன்று வாங்கினேன் அண்ணா, கூடவே 20 அவுன்ஸ் சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு) டேங்கும் கொடுத்தார். நன்றாகத்தான் சுடுகிறது. ஆனால் கூட ஆடுபவர்கள் எல்லோரும் ஹெச்பிஏ-வுக்கு (உயர் அழுத்தக் காற்றுக்கு) மாறு, மாறு என்கிறார்கள். எதற்காக மாற வேண்டும்?

உடனே மாறியே ஆக வேண்டும் என்று இல்லை தம்பி. டிப்மேன் 98 சிஓடூவைத் தாங்கும் மார்க்கர், அதை மனதில் வைத்துச் செய்தது. 1981-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் 12 பேர் முதல் ஆட்டம் ஆடியபோது அவர்கள் கையில் இருந்த நெல்ஸ்பாட் 007 கூட 12 கிராம் சிஓடூ குப்பியில்தான் ஓடியது. மரத்திலும் மாட்டிலும் அடையாளம் போடுவதற்காகச் செய்த கருவி அது, மார்க்கர் என்ற பெயரும் அப்படி வந்ததுதான்.

ஆனால் சிஓடூவின் குணத்தைத் தெரிந்துகொண்டு ஆடுங்கள். டேங்குக்குள் இருப்பது வாயு மட்டும் இல்லை, பெரும்பகுதி திரவம். அது கொதித்து வாயுவாகி வரும்போது எவ்வளவு அழுத்தம் கொடுக்கும் என்பதை வெப்பநிலைதான் முடிவு செய்கிறது: 0 டிகிரி செல்சியஸில் சுமார் 500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), 20 டிகிரியில் சுமார் 830, 30 டிகிரியில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். அதனால் காலையில் வேகத்தைச் சரி செய்துவிட்டு, மதிய வெயிலில் அதே மார்க்கரைச் சுட்டால் பந்து வேறு வேகத்தில் போகும். இன்னொன்று, திரவம் கொதிக்க வெப்பம் வேண்டும், அதை டேங்கிலிருந்தேதான் எடுத்துக்கொள்ளும், ஆகவே விடாமல் நாற்பது ஐம்பது பந்து சுட்டால் டேங்க் சில்லிட்டு, மேலே பனி பூத்து, அழுத்தம் இறங்கி, பந்து பாதி வழியிலேயே விழ ஆரம்பிக்கும். மார்க்கரைக் கீழ்நோக்கிச் சாய்த்துச் சுட்டால் திரவமே உள்ளே போய்விடும். அப்போது மார்க்கரின் குழாய் முனையில் வெள்ளைப் புகை தெரியும், அந்தக் குளிரில் ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் வளையம்) எல்லாம் விறைத்துப்போய்க் கசிய ஆரம்பிக்கும்.

ஹெச்பிஏ என்பது நாம் மூச்சு விடும் காற்றை அழுத்தி அடைத்தது, அவ்வளவுதான். டேங்குக்குள் எப்போதும் வாயுவாகவே இருக்கிறது. டேங்கின் தலையில் இருக்கும் ரெகுலேட்டர் அதை 800-850 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து, டேங்க் ஏறக்குறைய காலியாகும் வரை ஒரே சீராகக் கொடுக்கும். முதல் பந்தும் முந்நூறாவது பந்தும் ஏறத்தாழ ஒரே இடத்தில் போய் விழும். உங்கள் 98-ல் எதையும் மாற்ற வேண்டியதில்லை, மரை ஒன்றுதான், சிஓடூ டேங்கைக் கழற்றிவிட்டு இதைத் திருகினால் போதும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை விடுங்கள், நீங்கள் வழக்கமாக ஆடும் மைதானத்தில் என்ன அடித்துக் கொடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அங்கே காற்று கம்ப்ரசர் இருந்து, எந்த அழுத்தம் வரை அடிப்பார்கள் என்று தெளிவாகச் சொன்னால் மாறிவிடுங்கள், தயங்கவே வேண்டாம். சிஓடூ மட்டும்தான் கிடைக்கும் என்றால் ஹெச்பிஏ டேங்க் வாங்கி வீட்டில் வைத்து என்ன செய்வது? நிரப்ப வழியில்லாத டேங்க் வெறும் சுமை. இதைக் கேட்காமல் டேங்க் வாங்கி, ஒரு முறைகூட நிரப்பாமல் விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிஓடூவிலேயே தொடர்ந்தால் ஒன்று கவனியுங்கள். அதை அழுத்தம் பார்த்து நிரப்பக் கூடாது, தராசில் எடை பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். 20 அவுன்ஸ் டேங்கில் 20 அவுன்ஸ்தான். கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டுமே என்று அடித்துவிட்டு வெயிலில் வைத்தால் பாதுகாப்புக்காக இருக்கும் பர்ஸ்ட் டிஸ்க் வெடித்து டேங்க் மொத்தமும் காலியாகிவிடும்.

கேள்வி: 48/3000, 68/4500, 77/4500 என்றெல்லாம் ஹெச்பிஏ டேங்குகளில் எழுதியிருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்? எதை வாங்குவது?

முதல் எண் கொள்ளளவு, கன அங்குலத்தில். இரண்டாவது எண் அந்த டேங்கில் அடிக்கலாம் என்று அனுமதித்திருக்கும் உச்ச அழுத்தம், பிஎஸ்ஐ-யில். இரண்டையும் பெருக்கினால் எவ்வளவு காற்று இருக்கிறது என்று ஒப்பிடலாம். 48/3000 என்றால் 1,44,000. 68/4500 என்றால் 3,06,000. இரண்டு மடங்குக்கு மேல் என்று தெரிகிறது இல்லையா, உண்மையில் வித்தியாசம் இன்னும் அதிகம். டேங்கில் இருக்கும் அழுத்தம் 800-க்குக் கீழே இறங்கிவிட்டால் ரெகுலேட்டரால் 800 கொடுக்க முடியாது, எனவே அந்தக் கடைசி 800-ஐக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். அப்படிப் போட்டால் சிறியதில் 1,05,600, பெரியதில் 2,51,600. ஒரு மூட்டை பந்து நடுவில் தீராமல் ஓட வேண்டும் என்று நினைப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

3000 டேங்க் பெரும்பாலும் அலுமினியம், 4500 டேங்க் கார்பன் ஃபைபர் சுற்றியது. கார்பன் டேங்க் அளவில் பெரிதாக இருந்தாலும் கையில் எடுத்தால் பெரும்பாலும் லேசாக இருக்கும், ஆனால் விலை அதிகம். மாதத்துக்கு ஒரு நாள் ஆடுபவருக்கு, ஆட்டத்துக்கு நடுவில் போய் நிரப்பிக்கொள்ள முடியும் என்றால், 48/3000 தாராளமாகப் போதும். நிறைய ஆடுகிறீர்கள், எலெக்ட்ரானிக் மார்க்கர் வைத்திருக்கிறீர்கள் என்றால் 68/4500. 77-ஐ வாங்குவதற்கு முன் மார்க்கரில் திருகித் தோளில் வைத்துப் பாருங்கள். டேங்கின் பின்பக்கம்தான் தோளில் பதிகிறது, உயரம் குறைந்தவர்களுக்கு 77-இன் நீளம் மார்க்கரை முகத்திலிருந்து தள்ளிவிடும், அப்புறம் குறி பார்ப்பது சிரமம்.

மைதானத்தில் 3000 வரைக்கும்தான் அடிப்பார்கள் என்றாலும் 4500 டேங்கில் 3000 அடித்துக்கொண்டு ஆடலாம், எந்தத் தவறும் இல்லை. தலைகீழாக மட்டும் நடக்கவே கூடாது. காற்று நிரப்பும் முனையான ஃபில் நிப்பிள் இரண்டிலும் ஒன்றுதான், 3000 டேங்கிலும் 4500 வரை அடிக்கும் குழாய் பொருந்திவிடும். அதனால் அடித்துக் கொடுப்பவரிடம் டேங்கை நீட்டும்போதே ‘இது மூவாயிரம்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள். வேகமாக அடித்தால் டேங்க் சூடாகும், அப்போது 4500 காட்டிய முள் டேங்க் ஆறியதும் நன்றாக இறங்கி நிற்கும். அதைக் கசிவு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், சூடு இறங்கியதால் அழுத்தமும் இறங்கியிருக்கிறது.

கேள்வி: பிளானட் எக்லிப்ஸ் எமெக் மார்க்கர் வாங்கப் போகிறேன். பழைய சிஓடூ டேங்க் வீட்டில் இருக்கிறது. ஒரே ஒரு நாள் அதில் திருகிச் சுட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். திருகினால் ஏறும், அதுதான் ஆபத்து. அது காற்றுக்கு மட்டும் செய்த மார்க்கர். புது மார்க்கரின் முதல் நாளே சீல்களைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: டேங்கைத் திருகியதும் மார்க்கரிலிருந்து ஸ்ஸ் என்று சத்தம் வருகிறது. சர்வீஸ் செய்பவர் ரெகுலேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார். நம்பலாமா?

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், ஆனால் காற்று எந்த இடத்தில் கசிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். இதே சத்தத்துக்கு நானும் ஒரு காலத்தில் ஒருவரிடம் கொடுத்து, ரெகுலேட்டர் போய்விட்டது என்ற பேச்சைக் கேட்டுப் புதிதாக மாற்றி, மறு வாரமே அதே சத்தத்தைக் கேட்டவன். கடைசியில் டேங்கின் தலையில் இருந்த சின்ன ஓ-ரிங் கிழிந்திருந்தது. அன்று வீணான பணத்தை விட, ஒரு மாதம் ஆடாமல் உட்கார்ந்திருந்ததுதான் இன்னும் வலிக்கிறது.

அந்த ஓ-ரிங்கின் அளவு 015. பெரும்பாலான பெயின்ட்பால் டேங்குகளுக்கு இதே அளவுதான். யூரித்தேன் வகை வாங்குங்கள், சாதாரண ரப்பரை விட அதிக நாள் தாங்கும். பத்துப் பதினைந்து எப்போதும் பையில் இருக்கட்டும். இது ஏன் கிழிகிறது என்றால், உள்ளே அழுத்தம் இருக்கும்போதே டேங்கைக் கழற்றுவதால். கடைசிச் சுற்றில் காற்று பீறிட்டு ஓ-ரிங்கைப் பிய்த்துக்கொண்டு போகும். காற்றை அடைக்கும் ஆன்-ஆஃப் வால்வு இருந்தால் மூடிவிட்டு, மார்க்கரைத் தரையை நோக்கிப் பிடித்து, உள்ளே பந்து இல்லாமல் சுட்டுக் காற்றை வெளியேற்றிவிட்டு அப்புறம் கழற்றுங்கள்.

ஓ-ரிங்கை மாற்றியும் சத்தம் இருந்தால் சோப்பு நுரையைப் பிரஷ்ஷில் தொட்டு இணைப்புகளில் தடவுங்கள், எலெக்ட்ரானிக் மார்க்கர் என்றால் சர்க்யூட் பலகை இருக்கும் பக்கம் ஈரம் போகாமல். நுரை எங்கே கொப்புளிக்கிறதோ அங்கேதான் நோய். குழாய் முனை வழியாகக் காற்று வந்தால் பிரச்சினை டேங்கில் இல்லை, மார்க்கருக்குள். பாப்பெட் வகை (தனி வால்வு திறந்து காற்றை விடும்) மார்க்கரில் பெரும்பாலும் அந்த வால்வை அடைக்கும் கப் சீல், ஸ்பூல் வகையில் (நகரும் போல்ட்டே காற்றைத் திறந்து விடும்) போல்ட்டின் ஓ-ரிங். இவை இரண்டும் சின்னச் சாமான்கள், ரெகுலேட்டர் அளவுக்குச் செலவு இல்லை. ஆனால் டேங்கின் கழுத்திலோ, கேஜிலோ, பர்ஸ்ட் டிஸ்கிலோ கொப்புளித்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். அங்கே ஸ்பேனர் வைக்க உங்களுக்கும் எனக்கும் வேலை இல்லை, பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள்.

கேள்வி: சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கி வந்தேன். வேகம் பார்த்தபோது நொடிக்கு 280 அடி. ஆடிவிட்டு வந்து மறுபடி பார்த்தால் முதல் பந்து 310. மறுபடி 280. வேகம் அளக்கும் கருவி தப்பாகக் காட்டுகிறதா?

கருவி சரியாகத்தான் காட்டுகிறது. தயவுசெய்து இதைச் சரி செய்யாமல் ஆட இறங்காதீர்கள். திறந்தவெளி மைதானங்களில்கூட 300 அடிதான் வழக்கமான உச்ச வரம்பு, பல இடங்களில் அதைவிடக் குறைவு. பார்க்கும்போது 280 காட்டிவிட்டு மறைவில் கொஞ்ச நேரம் காத்திருந்து சுடும் முதல் பந்து 310-ல் போகிறது என்றால், அது எதிரே இருப்பவரின் உடம்பில் படுகிறது.

ரெகுலேட்டரில் ஒரு சின்ன இருக்கை இருக்கும், அழுத்தம் சேர்ந்ததும் பிஸ்டன் அதன் மேல் அமர்ந்து காற்றை அடைக்க வேண்டும். அந்த இருக்கையில் ஒரு கீறலோ தூசியோ இருந்தால் முழுதாக அடையாது. தொடர்ந்து சுடும்போது தெரியாது, சும்மா வைத்திருக்கும்போது காற்று துளித்துளியாக ஊறி அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். இதை க்ரீப் என்பார்கள். டேங்கின் ரெகுலேட்டரா, மார்க்கரின் ரெகுலேட்டரா என்று கண்டுபிடிக்க எளிய வழி, நண்பரின் டேங்கைக் கடன் வாங்கித் திருகி, இரண்டு நிமிடம் விட்டுவிட்டுச் சுட்டுப் பார்ப்பது. குறை போய்விட்டால் உங்கள் டேங்கில்தான் கோளாறு.

இதற்கு நேர் எதிரான குறையும் உண்டு. ஓய்வுக்குப் பின் முதல் பந்து மட்டும் மெதுவாகப் போகும். அது ஓ-ரிங் காய்ந்து ஒட்டிக்கொள்வதால் வருவது, துடைத்துப் புது கிரீஸ் தடவினால் பெரும்பாலும் சரியாகும். உற்பத்தியாளர் சொல்லும் எண்ணெயையோ கிரீஸையோ மட்டும் போடுங்கள், டிப்மேன் மாதிரி மார்க்கருக்குச் சில சொட்டு எண்ணெய், ஸ்பூல் மார்க்கருக்குக் கிரீஸ். துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை இதில் அடிக்காதீர்கள், ஓ-ரிங்கைக் கெடுத்துவிடும்.

சர்வீஸ் செய்பவரிடம் திரும்பப் போகும்போது குறையை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ‘சரியாக ஓடவில்லை’ என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் புரியாது, ‘இரண்டு நிமிட ஓய்வுக்குப் பின் முதல் பந்து 310, அடுத்தது 280’ என்று எழுதினால் எந்த இடத்தைப் பிரிக்க வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். சரி செய்தபின் எந்த டேங்கில், எத்தனை பந்து சுட்டுப் பார்த்தார் என்று கேளுங்கள். நல்ல ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார், தான் செய்த வேலையைக் காட்ட ஆசைப்படுவார். பதில் சொல்லத் தடுமாறுகிறவரிடம் இன்னொரு முறை போகாதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. காற்று டேங்கைத் தன் அறையில் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறான். எனக்குத் தூக்கமே வரவில்லை. வெடித்துவிடுமா?

அம்மா, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், தேதி தவறாத, அடிபடாத டேங்க் ஒன்று நிழலில் சும்மா கிடந்து வெடிக்காது. கீழே சொல்வதை மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

டேங்கில் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறித்தோ ஒட்டியோ இருக்கும். அமெரிக்க விதிப்படி செய்த காற்று டேங்குகளுக்குப் பொதுவாக 5 ஆண்டுக்கு ஒரு முறை ஹைட்ரோ டெஸ்ட், அதாவது உள்ளே நீரை நிரப்பி அழுத்திப் பார்க்கும் சோதனை செய்ய வேண்டும். கார்பன் ஃபைபர் டேங்குக்குப் பொதுவாக 15 ஆண்டுதான் ஆயுள், பார்க்கப் புதிது மாதிரி இருந்தாலும் அப்புறம் அதில் காற்று அடிக்கக் கூடாது. நீங்கள் இருக்கும் நாட்டின் விதி வேறாக இருக்கலாம், நிரப்பும் இடத்தில் கேட்டால் சொல்வார்கள். பழைய டேங்க் வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தேதியைத்தான்.

கார்பன் இழை பிரிந்திருந்தாலோ, ஆழமான வெட்டு இருந்தாலோ நிரப்பக் கொடுக்க வேண்டாம். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடக் கூடாது. நிரப்பும் நிப்பிளில் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளிகூடப் படக் கூடாது, மிக அதிக அழுத்தக் காற்று வேகமாகப் பாயும்போது எண்ணெய் தீப்பிடிக்கும். அதனால்தான் அதற்கு ஒரு மூடி கொடுத்திருக்கிறார்கள். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்துவேன். டேங்கை மார்க்கரிலிருந்து கழற்றும்போது, சில சமயம் டேங்க் கழல்வதற்குப் பதிலாக, டேங்கின் வால்வு மார்க்கரிலேயே நின்றுகொண்டு பாட்டில் மட்டும் சுழலும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாகக் கழல்வது போலவே இருக்கும். முழுதும் கழன்றால் பாட்டில் ராக்கெட் போலப் பாயும், சிஓடூ டேங்குகளில் இப்படி நடந்து உயிரே போயிருக்கிறது. உங்கள் வீட்டு நகப்பூச்சை எடுத்து, வால்வும் பாட்டிலும் சேரும் இடத்தில் இரண்டின் மேலும் படும்படி ஒரு கோடு போட்டுவிடுங்கள். கழற்றும்போது அந்தக் கோடு உடையாமல் சேர்ந்தே சுழல வேண்டும். விலகினால் அப்படியே நிறுத்திவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் எடுத்துப் போக வேண்டும்.

டேங்கை மார்க்கரில் மாட்டியபடி வீட்டில் வைக்க அனுமதிக்காதீர்கள், டேங்கைக் கழற்றியபின்னும் மார்க்கருக்குள் ஒரு பந்தும் அதைச் சுடுமளவு காற்றும் மிச்சம் இருக்கலாம். குழாய் முனை உறை எப்போதும் போட்டிருக்க வேண்டும். மைதானத்தில் முகமூடியை ஒரு நொடிகூடக் கழற்றக் கூடாது. இந்த விளையாட்டில் நான் அதிகம் பயப்படுவது டேங்கை நினைத்து இல்லை, கண்ணை நினைத்துத்தான்.

கேள்வி: ஆறு மாதம் ஆட முடியாது. டேங்கை முழுக்கக் காலி செய்து வைக்கட்டுமா?

முழுக்க வேண்டாம், சில நூறு பிஎஸ்ஐ உள்ளே இருக்கட்டும். அப்போதுதான் ஈரமும் தூசியும் நுழையாது. மார்க்கரைத் தனியாகக் கழற்றி, துடைத்து, லேசாகக் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் இழுபட்டு நிற்காதபடி விட்டுவிடுங்கள். எலெக்ட்ரானிக் என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், உள்ளேயே ஒழுகினால் பலகை போய்விடும். திரும்ப ஆடப் போகும் வாரத்தில் டேங்கின் ஹைட்ரோ தேதியைப் பாருங்கள், அந்த ஆறு மாதத்துக்குள் முடிந்திருந்தால் மைதானத்தில் நிரப்ப மாட்டார்கள், வரிசையில் நின்ற பிறகு தெரிந்து பயன் இல்லை.